சட்டையில் கேமரா, சாவி யாரிடம்?

2025 நவம்பர் 24ஆம் தேதி விடியற்காலை, மலாக்கா மாநிலம் டுரியான் துங்கலில் ஒரு செம்பனைத் தோட்டப் பகுதியில் மூன்று மலேசிய இந்திய இளைஞர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூவரும் இருபது வயதுகளில் இருந்தவர்கள். கொள்ளைச் சம்பவங்களில் சந்தேகிக்கப்பட்டவர்கள் என்றும், அவர்களில் ஒருவர் பாராங் கத்தியால் போலீஸ்காரரைத் தாக்கியதால் தற்காப்புக்குச் சுட நேர்ந்தது என்றும் போலீஸ் தரப்பு சொன்னது. பிள்ளைகள் எதிர்த்துத் தாக்கவில்லை என்று குடும்பத்தாரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் சொன்னார்கள். சம்பவ நேரத்தில் கைப்பேசி அழைப்பு வழியாகப் பதிவானதாகக் கூறப்படும் ஓர் ஒலிப்பதிவை ஆதாரமாக வைத்தார்கள். போலீஸ்காரரைக் கொல்ல முயன்ற வழக்காகத் தொடங்கிய விசாரணை, டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் உத்தரவால் குற்றவியல் சட்டம் 302ஆவது பிரிவின் கீழ் கொலை விசாரணையாக மாறியது. யார் சொல்வது உண்மை என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே நாம் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்று உயிர்கள் போன ஒரு விவகாரத்தில், நாடே காது கொடுத்துக் கேட்டது ஒரு கைப்பேசியின் ஒலியை. அந்த அழைப்பு மட்டும் இல்லாதிருந்தால், நடந்ததைச் சொல்ல ஒரு தரப்பின் வாய்மொழி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அதனால்தான் போலீசார் உடலில் கேமரா அணிய வேண்டும் என்ற குரல் மறுபடியும் எழுந்தது. இது புதிய குரல் அல்ல. 2021 ஏப்ரலில் கணபதி, மே மாதத்தில் சிவபாலன் என்று போலீஸ் காவல் தொடர்பாக அடுத்தடுத்து நேர்ந்த மரணங்கள் நாட்டை உலுக்கியபோதே இந்தக் கோரிக்கை வலுத்தது. அந்த ஆண்டே அரசாங்கமும் உடல் கேமரா வாங்குவதற்குக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு உள்துறை அமைச்சு மாறி மாறி அறிவிப்புகள் தந்திருக்கிறது. கேமரா வர வேண்டும் என்பதில் இன்று பெரும்பாலோர்க்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் கேமரா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோமே, அந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு மரம் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து வந்து கொட்டிய தொழிலாளிக்கு எதிரே தராசு இருந்தது. ஆனால் தராசு தோட்டக் கணக்கரான கிராணியின் கையில். எடையை எழுதும் செக்ரோலும் அவர் கையில். தராசு சரியாக இருந்தாலும் முள்ளைப் படிப்பவரும் கணக்கை எழுதுபவரும் ஒருவரேயானால், தொழிலாளிக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்? உடல் கேமராவும் ஒரு தராசுதான். அதை எப்போது முடுக்குவது, பதிவை எங்கே வைப்பது, யார் பார்ப்பது, எப்போது அழிப்பது என்ற விதிகளை யார் எழுதுகிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்பதில்தான் அதன் நியாயம் இருக்கிறது. அந்தக் கண்காணிப்பில் மக்களுக்கு மிக அருகில் இருக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் மாநிலத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். உடல் கேமரா ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. நெஞ்சுப் பகுதியில் சட்டையோடு மாட்டப்படும். நடுவில் ஒரு பொத்தான். பெரும்பாலான கேமராக்கள் வேலை நேரம் முழுவதும் பதிவு செய்துகொண்டே இருப்பதில்லை. மின்கலமும் சேமிப்பிடமும் தாங்காது. போலீஸ்காரர் பொத்தானை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். பல வகைகளில், அழுத்துவதற்கு முந்தைய சில விநாடிகளின் காட்சியையும் கருவி நினைவில் பிடித்து வைத்திருந்து சேர்த்துக்கொள்ளும். பணி முடிந்ததும் கேமராவை நிலையத்தில் உள்ள ஒரு தாங்கியில் செருகுவார்கள். அது மின்னூட்டம் ஏறும்போதே பதிவுகளைச் சேமிப்புக் கணினிக்கு இறக்கிவிடும். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வகைப்பெயர் தரப்படும்: சாலைச் சோதனை, கைது, துப்பாக்கிப் பிரயோகம் என்று. எந்த வகையை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். நாள் முடிந்ததும் பதிவு தானாக அழியும். இந்தப் பயணத்தில் எத்தனை வாசல்கள் என்று எண்ணிப் பாருங்கள். பொத்தான் ஒரு வாசல். தாங்கியில் செருகுவது ஒரு வாசல். வகைப்பெயர் ஒரு வாசல். அழிக்கும் நாள் ஒரு வாசல். பார்க்க அனுமதி கேட்பவருக்குத் திறக்கும் கதவு கடைசி வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மனிதர் நிற்கிறார். எல்லா வாசலிலும் ஒரே துறையின் ஆள் நின்றால், கேமரா அந்தத் துறையின் கேமரா; மக்களுக்கு அதில் பங்கில்லை.

இது வெறும் ஐயம் அல்ல, ஆய்வுகள் காட்டிய உண்மை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் ரியால்டோ என்ற சிறு நகரத்தில் 2012இல் தொடங்கி ஓராண்டு நடந்த சோதனையில், கேமரா வந்தபின் போலீசார் பலத்தைப் பயன்படுத்திய சம்பவங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. பொதுமக்களின் புகார்கள் ஏறக்குறைய 90 விழுக்காடு சரிந்தன. உலகமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. ஆனால் 2017இல் வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போலீசாரை வைத்து நடந்த பெரிய ஆய்வு, கேமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று கண்டது. இரண்டு முடிவுகளும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ரியால்டோ ஆய்வை நடத்திய பாரக் ஏரியலும் அவருடைய குழுவினரும் பல நகரங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சின் ஒரு நுனியைக் காட்டுகிறது. சம்பவம் தொடங்கும்போதே கேமராவை முடுக்க வேண்டும் என்ற விதியைப் போலீசார் பின்பற்றிய இடங்களில் பலப்பிரயோகம் 37 விழுக்காடு குறைந்தது. எப்போது முடுக்குவது என்பதைத் தங்கள் விருப்பப்படி முடிவு செய்த இடங்களில் அது 71 விழுக்காடு கூடியது. கருவி ஒன்றுதான். பொத்தானின் மேல் விரல் வைத்திருப்பவருக்கு விதி இருந்ததா, இல்லையா என்பதுதான் பலனைத் தலைகீழாக மாற்றியது.

தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். அந்த நிலையத்தில் கேமரா இல்லாமல் இல்லை. இருந்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கணினியைப் பார்த்தபோது, வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழிந்துபோகும்படி அது அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். சம்பவ இரவின் காட்சி அதில் இல்லை. ஒரு டெராபைட் என்பது வாரக்கணக்கில் காட்சிகளைத் தாங்கக்கூடிய இடம். இடமில்லாமல் அந்தப் பதிவு போகவில்லை; கணினியில் செய்யப்பட்டிருந்த ஓர் அமைப்பினால் போயிற்று. கேமரா வாங்கியாகிவிட்டது, மாட்டியாகிவிட்டது. ஆனால் அதன் அமைப்பு எப்படி இருக்கிறது என்று நிலையத்துக்கு வெளியிலிருந்து எவரும் எட்டிப் பார்க்கவில்லை. சாத்தான்குளத்தின் பாடங்களில் இதுவும் ஒன்று.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், பரம்வீர் சிங் சைனி வழக்கில் தந்த உத்தரவு நாம் கூர்ந்து படிக்க வேண்டிய ஒன்று. எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் இரவுப் பார்வையும் உள்ள கேமராக்கள் வேண்டும், பதிவை 18 மாதம், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கண்காணிப்புக் குழு அமைக்க உத்தரவிட்டது. அந்தக் குழுவில் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இருப்பார்கள். அவர்களோடு நகரமானால் மேயர் ஒருவரும், கிராமப்புறமானால் மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவரும் உட்காருவார்கள். கேமரா வேலை செய்கிறதா, பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் கடமை. போலீஸ் கேமராவைக் கண்காணிக்கும் பொறுப்பில் ஊராட்சிப் பிரதிநிதிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம். குழு அமைத்ததோடு எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. பல நிலையங்களில் கேமராக்கள் இயங்கவில்லை என்ற செய்திகளைப் பார்த்து, அதே நீதிமன்றம் 2025இல் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியதாயிற்று. குழு இருந்தால் மட்டும் போதாது, அது வெளிப்படையாக அறிக்கை தர வேண்டும் என்பதை அந்த அனுபவம் சேர்த்துச் சொல்கிறது.

அந்த வெளிப்படைத்தன்மையை எப்படிக் கட்டுவது என்பதற்கு அமெரிக்க ஊராட்சிகள் ஒரு வழி காட்டின. சிகாகோவில் 2014 அக்டோபரில் லக்வான் மெக்டோனல்ட் என்ற 17 வயது பையனைப் போலீஸ் அதிகாரி ஒருவர் 16 முறை சுட்டார். போலீஸ் வாகனத்தின் கேமராவில் அது பதிவாகியிருந்தது. ஆனால் 13 மாதம் கழித்து, நீதிமன்ற உத்தரவு வந்த பிறகுதான் மக்கள் அதைப் பார்த்தார்கள். காட்சிக்கும் அதிகாரிகள் எழுதியிருந்த அறிக்கைகளுக்கும் பொருத்தமே இல்லை. பதிவு இருந்தும் பூட்டிவைக்கலாம் என்பதற்கு அது சான்று. இப்படிப்பட்ட அனுபவங்களுக்கு நடுவே, 2016இல் கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாரா மாவட்டமும் 2018இல் ஓக்லண்ட் நகர மன்றமும் ஊர்ச்சட்டம் இயற்றின. கண்காணிப்புக் கருவி எதையும் வாங்குவதற்கு முன் அதன் பயன்பாட்டு விதியை எழுதி, திறந்த கூட்டத்தில் மன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும். வாங்கிய பிறகு ஆண்டுதோறும் எப்படிப் பயன்பட்டது என்று அறிக்கை தர வேண்டும். முதலில் விதி, பிறகு கருவி. நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி போலீஸ் கூட்டரசின் கையில் இருக்கிறது. ஊராட்சி மாநிலத்தின் கையில். போலீஸ்காரர்களின் ஒழுங்கு நடவடிக்கையைக் கவனிக்கும் போலீஸ் படை ஆணையத்துக்கு, 140ஆவது பிரிவின்படி, போலீசுக்குப் பொறுப்பான அமைச்சரே தலைவர்; தேசிய போலீஸ் படைத் தலைவரும் அதில் உறுப்பினர். வெளியிலிருந்து கண்காணிக்க ஒரு சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்று, முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஸைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005இலேயே பரிந்துரைத்தது. அதன் 125 பரிந்துரைகளில் அதிகம் பேசப்பட்டதும், அதிகம் எதிர்க்கப்பட்டதும் அதுதான். 18 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது ஐபிசிசி என்ற சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம். ஆனால் அதனால் யாரையும் தண்டிக்க முடியாது. விசாரித்து, போலீஸ் படை ஆணையத்துக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும். லோக்கப்பைப் பார்க்கப் போனாலும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதைவிட முக்கியமான ஓட்டை ஒன்று உண்டு. போலீஸ் படைத் தலைவரின் நிலையான உத்தரவுகளுக்குள் வரும் செயல்கள் ஐபிசிசியின் விசாரணை வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. அந்த உத்தரவுகள் பொதுமக்கள் வாங்கிப் படிக்கக்கூடிய ஏடுகளும் அல்ல. உடல் கேமராவின் விதிகள் அத்தகைய உத்தரவாக எழுதப்பட்டால் என்ன ஆகும்? விதி என்ன என்று நமக்கும் தெரியாது; அது மீறப்பட்டதா என்று பார்க்க வேண்டிய ஆணையத்துக்கும் வழி அடைபடும்.

மற்ற வாசல்களையும் தட்டிப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. ஒரு கடைக்காரர் உங்கள் அடையாள அட்டை எண்ணை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், போலீஸ் கேமராவில் பதிவான உங்கள் முகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஓர் ஆவணத்தைப் பூட்டிவைக்க உதவும், திறக்க உதவாது. மரண விசாரணைக்குப் போகலாம் என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குவது போலீஸ் காவலிலோ சிறையிலோ நேரும் மரணங்களுக்கு. கைதாகும் முன்பே தோட்டத்துக்குள் குண்டடிபட்டு இறப்பவருக்கு அந்தக் கட்டாயம் அதே தெளிவோடு கிடைப்பதில்லை. ஆகவே உடல் கேமரா மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில், அதன் பதிவைக் கேட்டு வாங்கும் வழி மிகக் குறுகலாக இருக்கிறது.

இந்த நிலையில் மலாக்கா என்ன செய்ய முடியும்? போலீஸ் கூட்டரசுடையது, மாநிலத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் இதில் வேலை இல்லை என்பதுதான் முதலில் வரும் மறுப்பு. சட்டப்படி அது பாதி உண்மை. மலாக்கா சட்டமன்றம் போலீசுக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் மாநிலப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. முதலமைச்சர் தலைமையில் கூடும் அந்த மேசையில் மாநிலப் போலீஸ் தலைவர் உட்காருகிறார். மாவட்ட அளவிலும் மாவட்ட அதிகாரி தலைமையில் அப்படி ஒரு குழு உண்டு. திருட்டையும் வெள்ளத்தையும் பற்றிப் பேசும் அந்த மேசையில், கேமராப் பதிவுகளைப் பற்றி ஏன் பேசக் கூடாது? இந்தியா செய்தது போல மாவட்டக் கண்காணிப்புக் குழு ஒன்றை அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மலாக்கா தெங்காவிலும் அமைத்து, அதில் ஊராட்சி மன்றப் பிரதிநிதிக்கு இடம் தர உள்துறை அமைச்சு ஒரு விதி எழுதினால் போதும். அரசமைப்புச் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. அதிகாரம் கூட்டரசிடம் இருக்கட்டும், பார்வை ஊரிடம் இருக்கட்டும்.

அந்த விதி வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மலாக்காவில் நான்கு ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்கள். இவற்றுக்கு அமலாக்க அதிகாரிகள் உண்டு. அங்காடிக் கடைக்காரரின் தள்ளுவண்டியை இழுத்துப் போகிறவர்கள் அவர்கள்தான். தெருவில் மறைகாணிக் கேமராக்களைப் பொருத்துவதும் ஊராட்சிகளின் வேலையாக இருக்கிறது. ஊராட்சிகளின் இந்தக் கேமராக்கள் மேல் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. துணைக் குழுக்கள் அமைக்கவும் இடம் தருகிறது. தங்கள் அமலாக்க அதிகாரிகளுக்கு உடல் கேமரா விதி ஒன்றை எழுதி, திறந்த கூட்டத்தில் வைத்து, தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வெளியிட்டு, ஆண்டுதோறும் கணக்குக் காட்டினால், போலீசிடம் நாம் கேட்பதற்கு ஒரு மாதிரி கையில் இருக்கும். தகவல் அறியும் உரிமைக்கு சிலாங்கூரும் பினாங்கும் மாநிலச் சட்டம் இயற்றியிருக்கின்றன. மலாக்காவில் அப்படி ஒன்று இல்லை. 28 உறுப்பினர்கள் உள்ள மலாக்கா சட்டமன்றம் நினைத்தால் ஒரே கூட்டத்தொடரில் அதை நிறைவேற்றலாம்.

விதியில் என்ன இருக்க வேண்டும்? வாசல்களை எண்ணினோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். ஒருவரை நிறுத்தும்போதும், வீட்டுக்குள் நுழையும்போதும், ஆயுதத்தை உருவும் முன்பும் பொத்தானை அழுத்துவது கட்டாயம். அழுத்தாவிட்டால் காரணத்தை அன்றே எழுத்தில் தர வேண்டும். பதிவை இறக்குபவர் கேமரா அணிந்தவராக இருக்கக் கூடாது. நிலையத்தில் எவருக்கும் அழிக்கும் அதிகாரம் கூடாது. யார் எப்போது பதிவைத் திறந்தார் என்ற தடம் தானாக விழ வேண்டும். கைது, காயம், துப்பாக்கிச் சூடு, புகார் ஆகியவை தொடர்பான பதிவு வழக்கு முடியும் வரை இருக்க வேண்டும். மற்றவை குறித்த காலத்தில் அழிய வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பமும் அவர்களுடைய வழக்கறிஞரும் நாள் கணக்கில், மாதக் கணக்கில் அல்ல, அதைப் பார்க்க வேண்டும். ஐபிசிசி யாரையும் கேட்காமல் நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, எத்தனை சம்பவங்கள், எத்தனையில் கேமரா இயங்கியது, எத்தனையில் இயங்கவில்லை, ஏன் என்ற கணக்கு மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். இந்தக் கடைசி எண்ணை ஊர் படிக்கத் தொடங்கினால், பொத்தானை மறக்கும் பழக்கம் தானாகக் குறையும்.

ஊராட்சி உறுப்பினர்களே நியமனம் ஆனவர்கள்தானே, அவர்கள் எப்படி மக்களின் கண்ணாவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டிவிட்டது. அரசியல் கட்சி பரிந்துரைத்த ஓர் உறுப்பினர் போலீசிடம் கடுமையான கேள்வி கேட்பாரா என்ற சந்தேகம் வருவது இயல்பு. அதனால்தான் குழுவில் அவர் மட்டும் உட்காரக் கூடாது. மாநில வழக்கறிஞர் மன்றத்தின் பிரதிநிதி ஒருவர், மருத்துவர் ஒருவர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிர்வாகம், பள்ளிவாசல், குடியிருப்பாளர் சங்கம் ஆகியவற்றிலிருந்து சுழற்சி முறையில் சிலர் என்று சேர்க்க வேண்டும். ஒரு குழு நல்லதா என்பது பாதி அதன் ஆட்களால் தெரியும். மீதிப் பாதி அதன் கதவு திறந்திருக்கிறதா என்பதால் தெரியும். நியமனக் குழுவானாலும் அறிக்கை பொதுவில் வந்துவிட்டால், கேட்கப்படாத கேள்வியை ஊரார் கேட்பார்கள்.

அந்தரங்கத்தைப் பற்றிய மறுப்பு இன்னும் ஆழமானது. லயத்து வீட்டில் இரண்டு அறை; கதவைத் தள்ளினால் குடும்பத்தின் முழு வாழ்க்கையும் கண்ணுக்குத் தெரியும். குளித்துவிட்டு வரும் பெண், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை, படுக்கையில் கிடக்கும் முதியவர் எல்லாரும் கேமராவில் விழுவார்கள். கணவன் அடித்ததாகப் புகார் செய்ய வந்த பெண்ணின் அழுகை பதிவாகும். அந்தக் காட்சி ஒரு நாள் வாட்சாப் குழுக்களில் சுற்றினால் என்ன ஆவது? இந்த அச்சம் முற்றிலும் சரி. ஆனால் இது கேமராவைக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கான வாதமே தவிர, கண்காணிக்க வேண்டாம் என்பதற்கு அல்ல. தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசைக் கட்டுப்படுத்தாத நாட்டில், யார் பார்த்தார்கள் என்ற தடமும், கசியவிட்டவருக்குத் தண்டனையும், முகத்தை மறைத்து வெளியிடும் விதியும் எழுத்தில் இல்லாமல் கேமராவை மட்டும் கொடுத்தால், ஏழையின் வீடுதான் முதலில் திறந்து கிடக்கும். கண்காணிப்புக் குழு அனைத்துப் பதிவுகளையும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. பதிவு இருக்கிறதா, விதி காக்கப்பட்டதா என்றுதான் பார்க்கும்.

போலீசாரின் மனம் தளர்ந்துவிடும், குற்றவாளிக்குத் துணை போவதாகிவிடும் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இருட்டில், பாராங்கோடு ஓடி வருபவனுக்கு எதிரே நிற்கும் போலீஸ்காரர் விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அச்சத்தைக் கேமராவால் முழுதாகக் காட்ட முடியாது என்பதும் உண்மை. ஆனால் டுரியான் துங்கலையே எடுத்துக்கொள்வோம். போலீசார் சொன்னது உண்மையானால், நம்பத்தகுந்த ஒரு பதிவு முதல் நாளே அவர்கள் பெயரைக் காப்பாற்றியிருக்கும். குடும்பத்தார் சொன்னது உண்மையானால், ஓர் ஒலிப்பதிவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசல் வாசலாக நின்றிருக்க வேண்டியதில்லை. நேர்மையான போலீஸ்காரருக்கும் நியாயம் தேடும் தாய்க்கும் ஒரே நேரத்தில் பயன்படும் கருவி அது. அந்தப் பயன் நிற்பது பதிவின் மேல் எல்லாரும் வைக்கும் நம்பிக்கையில். தானே எடுத்து, தானே வைத்து, தானே தேர்ந்து காட்டும் பதிவை எவரும் நம்பமாட்டார்கள். அது போலீசுக்கு நன்மையாக இருக்கும் நாளிலும் நம்பமாட்டார்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவியின் விலையைவிட, பதிவுகளைப் பல மாதம் பாதுகாப்பாகச் சேமிப்பதற்கும் அதைக் கவனிக்கும் ஆட்களுக்கும்தான் ஆண்டு முழுவதும் பணம் போகும். ஆனால் பதிவு இல்லாத நீதிக்கும் விலை உண்டு. 2009 ஜனவரியில் 22 வயதுக் குகன் போலீஸ் காவலில் இறந்தபோது, இரண்டு பிரேதப் பரிசோதனைகள் இரண்டு விதமாகப் பேசின. 2013இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அது மக்களின் வரிப்பணம். குகனின் தாய் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார். அதற்கு எந்தக் கணக்கேட்டிலும் எண் கிடையாது. நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய 7 விழுக்காடாக இருக்கும் இந்தியர்கள், தடுப்புக்காவல் மரணப் பட்டியல்களில் அந்த விகிதத்தை மீறித் தென்படுகிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் நீண்ட காலமாகச் சொல்லி வருகின்றன. மலாய்க் குடும்பங்களும் இதே வலியைச் சுமந்திருக்கின்றன. 2010இல் ஷா ஆலாமில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட பள்ளி மாணவன் அமினுல்ரஷிட்டை நாடு மறந்துவிடவில்லை. ஆகவே இது ஓர் இனத்தின் கோரிக்கை அல்ல. ஆனால் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, கையில் பணமும் தெரிந்த பெரிய மனிதரும் இல்லாத குடும்பத்துக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை.

அந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்துத்தான் ஊராட்சியைப் பற்றி இவ்வளவு பேசினோம். மெர்லிமாவிலோ காடேக்கிலோ இருக்கும் ஒரு தாய் புத்ராஜெயாவுக்குப் பேருந்து பிடிக்க ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். அங்கே யாரைப் பார்ப்பது, என்ன மொழியில் கேட்பது என்று தெரியாது. நகராண்மைக் கழகக் கட்டடம் அவருக்குத் தெரியும். கதவு வரி கட்டவும், கடை லைசென்ஸ் புதுப்பிக்கவும் போன இடம். அங்கே ஒரு மேசை இருந்து, "என் மகனைப் பிடித்தபோது கேமரா இயங்கியதா?" என்ற கேள்வியை எழுதி வாங்கிக்கொண்டு, குறித்த நாளில் பதில் தந்தால், சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை அவர் கைக்கு வந்து சேரும். உங்கள் பகுதி மன்ற உறுப்பினர் யார் என்று இன்றே விசாரியுங்கள். திறந்த கூட்டத்துக்கு நான்கு பேராகப் போய் உட்காருங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம், கேமரா எத்தனை வாங்கினீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதன் விதி எங்கே, அதை யார் எழுதினார்கள், நாங்கள் எப்போது படிக்கலாம் என்று கேளுங்கள். தோட்டத்தில் நம் பாட்டன்மார் தராசின் முள்ளைத் தாங்களும் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். தராசு வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் கேட்டதைத்தான் நாம் இப்போது கேட்கிறோம்.